கடனைப் பெயர் சொல்லித் தீர்த்தவர்: மூத்த பிளினி

எழுதியவற்றுள் எது நிலைக்கும், எது அழியும் என்பதை எழுதியவர் அறியார். உரோமை நாட்டு அறிஞர் மூத்த பிளினி தம் வாழ்நாளில் ஏழு நூல்களை 102 பகுதிகளாக இயற்றினார். போர்க்கலை, வாழ்க்கை வரலாறு, நாட்டு வரலாறு, சொற்பொழிவுக் கலை, இலக்கணம் எனப் பல துறைகளில் அமைந்த ஆறு நூல்கள், 65 பகுதிகள், காலவெள்ளத்தில் மறைந்துபோயின. பிறர் எடுத்தாண்ட சில துணுக்குகளே அவற்றின் சுவடுகளாக மிஞ்சின. முழுமையாக எஞ்சியது ஒரே நூல். 37 பகுதிகள் கொண்ட 'இயற்கை வரலாறு' என்னும் அந்நூல் பெரும்பாலும் பிறர் நூல்களிலிருந்து எடுத்துத் தொகுக்கப்பட்டது. எவரிடமிருந்து எடுக்கப்பட்டது என்று பெயர் சொல்லித் தொகுக்கப்பட்டது. தமக்கே உரியவை என்று சொல்லத்தக்க நூல்களை இழந்த ஒருவரை, பிறருக்குப் பட்ட கடனை ஒப்புக்கொண்ட நூல் வாழவைத்திருக்கிறது. அவருடைய வாழ்க்கையும் அந்த நூலைப் போன்றதே.

படைமுகத்தில் ஓர் எழுத்தாளர்

கையஸ் பிளினியஸ் செக்கண்டஸ் கி.பி. 23ஆம் ஆண்டையொட்டி வட இத்தாலியில், ஆல்ப்ஸ் மலையடிவார ஏரிக்கரையில் உள்ள கோமம் என்னும் ஊரில் பிறந்தார். இன்று அவ்வூர் கோமோ எனப்படுகிறது. உரோமைச் சமூகத்தில் ஆட்சிமன்றக் குடும்பங்களுக்கு அடுத்த நிலையில் இருந்த குதிரைவீரர் வகுப்பைச் சேர்ந்தவர். உரோமாபுரியில் கல்வி கற்றபின், அவ்வகுப்பு இளைஞர்களின் வழக்கப்படி படைப்பணிக்குச் சென்றார். ரைன் ஆற்று எல்லையில் செர்மானிய நாட்டில் பணியாற்றி, குதிரைப்படைப் பிரிவு ஒன்றின் தலைவராகவும் உயர்ந்தார்.

முதல் நூல் அங்கேதான் பிறந்தது. குதிரைமேல் இருந்தபடி எறிவேல் வீசும் முறைபற்றிய சிறு நூல் அது. இரண்டாம் நூல், அவருடைய படைத்தலைவரும் நண்பருமான பொம்போனியஸ் செக்கண்டசின் வாழ்க்கை வரலாறு. பொம்போனியஸ் படை நடத்தியவர் மட்டுமல்லர். அவல நாடகங்கள் இயற்றிய கவிஞரும் ஆவார். நண்பரின் நினைவுக்குச் செலுத்தவேண்டிய கடனாகவே பிளினி அதை எழுதினார் என்று அவருடைய தங்கை மகன் குறித்திருக்கிறார். கடன் என்னும் எண்ணம் தொடக்கத்திலேயே அவரிடம் குடிகொண்டிருந்தது.

மூன்றாம் நூலுக்குக் காரணம் ஒரு கனவு. செர்மானியப் போர்களில் வெற்றிபல கண்டு, கி.மு. 9ஆம் ஆண்டில் அந்நாட்டிலேயே உயிர்நீத்தவர் துரூசஸ் என்னும் இளவரசர். படைமுகாமில் உறங்கிக்கொண்டிருந்த பிளினியின் கனவில் அவர் தோன்றி, தம் நினைவை மறதியின் பிடியிலிருந்து காக்கும்படி வேண்டினாராம். பிளினி அந்த வேண்டுகோளை ஏற்று, உரோமையர் செர்மானியரோடு நிகழ்த்திய போர்களின் வரலாற்றை 20 பகுதிகளாக எழுதினார். அந்நூல் இன்று இல்லை. ஆயினும் வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் தம் நூலில் பிளினியைப் பெயர் சொல்லிச் சான்று காட்டியிருக்கிறார். கனவில் வந்தவரைக் காக்க முயன்ற நூல், இன்னொருவர் நூலுக்குள் ஒரு சான்றாகச் சுருங்கிப்போனது.

நீரோ ஆண்ட காலத்தின் பிற்பகுதியில் சுதந்திரமாக எழுதுவது உயிருக்கு ஆபத்து விளைக்கும் செயலாயிற்று. அந்த ஆண்டுகளில் பிளினி வாயடைத்து உட்காரவுமில்லை, புகழ்பாடவும் போகவில்லை. ஐயத்துக்கு இடமான சொல்வடிவங்கள்பற்றி எட்டுப் பகுதிகளில் இலக்கண நூல் ஒன்று எழுதினார். இலக்கணத்தில் கொடுங்கோலன் குற்றம் காண்பதற்கு எதுவும் இல்லை. கி.பி. 68இல் நீரோ மாண்டு, மறு ஆண்டு வெஸ்பாசியன் அரியணை ஏறிய பின்னரே அவருக்கு உயர்பதவிகள் வந்தன. ஸ்பெயின் முதலிய பகுதிகளில் பேரரசரின் நிதிப் பொறுப்பாளராக இருந்தார். இறுதியில் நேப்பிள்சு வளைகுடாவில் மிசேனம் துறைமுகத்தில் நிலைகொண்டிருந்த கப்பற்படைக்குத் தலைவரானார்.

விழித்திருத்தலே வாழ்தல்

இத்தனை பொறுப்புகளுக்கு நடுவே இவ்வளவு எழுத நேரம் எங்கிருந்து கிடைத்தது? தங்கை மகனான இளைய பிளினி ஒரு கடிதத்தில் இதற்கு விடை தந்திருக்கிறார். ஆகஸ்டு மாத இறுதியில் வரும் வல்கன் தெய்வத் திருநாள் தொட்டே விளக்கொளியில் படிக்கத் தொடங்கிவிடுவார். குளிர்காலத்தில் நள்ளிரவில் எழுந்துவிடுவார். மிகத் தாமதமானால் அதற்கு இரண்டு மணி நேரம் கழித்து எழுவார். விடியுமுன் பேரரசரைக் காணச் செல்வார். வெஸ்பாசியனும் இரவில் பணி செய்பவரே. அரசுப் பணி முடித்து வீடு திரும்பியதும் மீண்டும் நூல்கள். கோடையில் வெயிலில் படுத்திருக்கையில் ஒருவர் படிக்க, அவர் கேட்டுக் குறிப்பெடுப்பார். குறிப்பெடுக்காமல் அவர் எதையும் படித்ததில்லை. எவ்வளவு மோசமான நூலிலும் பயன்படும் பகுதி ஏதேனும் இருக்கும் என்பது அவர் கொள்கை.

உணவு நேரத்திலும் நூல் படிக்கப்படும். ஒருமுறை படிப்பவர் ஒரு சொல்லைத் தவறாக உச்சரிக்க, விருந்தினர் ஒருவர் தடுத்து மறுபடி படிக்கச் சொன்னார். பொருள் புரிந்ததா என்று பிளினி அவரைக் கேட்டார். புரிந்தது என்றார் அவர். அப்படியானால் திருப்பிப் படிக்கச் சொல்வானேன், பத்து வரிக்கு மேல் வீணாயிற்றே என்று பிளினி வருந்தினார். பயணத்தில் எழுத்தர் ஒருவர் நூலும் மெழுகுப் பலகையுமாக அருகில் இருப்பார். குளிரால் எழுத்து தடைபடக்கூடாது என்று அவர் கைகளுக்கு உறை மாட்டப்பட்டிருக்கும். உரோமாபுரித் தெருக்களில் நடக்காமல் நாற்காலிப் பல்லக்கில் போனதும் படிப்பதற்காகவே. நடந்து சென்ற மருமகனை, நேரத்தைப் பாழாக்குவதாகக் கடிந்துகொண்டார்.

இப்படிச் சேர்ந்த குறிப்பேடுகள் 160. எல்லாம் இருபுறமும் பொடி எழுத்தில் நெருக்கி எழுதப்பட்டவை. ஸ்பெயினில் இருந்தபோது ஒருவர் அவற்றை நான்கு இலட்சம் செஸ்டர்ஸ் நாணயங்களுக்கு வாங்கிக்கொள்ள முன்வந்தார். அப்போது அவை எண்ணிக்கையில் குறைவு. பிளினி விற்கவில்லை. வாழ்தல் என்பது விழித்திருத்தலே என்று கருதியவருக்கு, அந்த ஏடுகள் வாழ்ந்த நேரத்தின் கணக்காக இருந்தன.

முப்பத்தேழு பகுதிகளில் ஓர் உலகம்

கி.பி. 77இல் 'இயற்கை வரலாறு' பேரரசரின் மகன் டைட்டசுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. ஏறத்தாழ 2,000 சுருள்களைப் படித்து, தேர்ந்தெடுத்த 100 ஆசிரியர்களிடமிருந்து 20,000 செய்திகளைத் திரட்டியதாக முன்னுரையில் கணக்குச் சொல்கிறார். உண்மையில் அவர் பட்டியலிடும் ஆசிரியர்கள் 400க்கும் மேற்பட்டவர்கள். வானும் மண்ணும் இரண்டாம் பகுதி, நாடுகளும் கடல்களும் அடுத்த நான்கு, மனிதன் ஏழாவது, பிறகு விலங்கு, பறவை, மீன், பூச்சி, பிறகு மரம், செடி, பயிர், மருந்து, இறுதியில் உலோகம், சிற்பம், ஓவியம், மணிக்கற்கள். வெண்கலத்தைப் பேசத் தொடங்கிச் சிற்பிகளின் வரலாற்றையும், வண்ணமண்ணைப் பேசத் தொடங்கி ஓவியர்களின் வரலாற்றையும் சொல்லிவிடுகிறார். கிரேக்க ஓவியர் பலரைப் பற்றிப் பின்னுலகம் அறிந்தது பெரும்பாலும் இப்பகுதிகளால்தான்.

முதற்பகுதி முழுவதும் பொருளடக்கமே. ஒவ்வொரு பகுதிக்கும் என்னென்ன செய்திகள், எந்தெந்த ஆசிரியர்களிடமிருந்து என்ற பட்டியல் அதில் இருக்கிறது. அரசப் பணியில் மூழ்கியவர் முழுநூலையும் படிக்காமல் வேண்டியதைத் தேடி எடுக்கட்டும் என்பது நோக்கம். இலத்தீனில் இவ்வாறு பொருளடக்கம் வைத்தவர் தமக்குமுன் வலேரியஸ் சொரானஸ் என்று அதற்கும் நன்றி சொல்லிவிடுகிறார்.

அந்த முன்னுரையில் அவர் மனக்கசப்போடு ஒன்றைச் சொல்கிறார். நூல்களை ஒப்புநோக்கியபோது, மிகவும் நம்பத்தக்கவர் என்று பெயரெடுத்த அண்மைக்கால எழுத்தாளர்களே முன்னோரைச் சொல்லுக்குச் சொல் எடுத்தெழுதி, அவர்கள் பெயரை விட்டுவிட்டிருப்பதைக் கண்டார். கடன் வாங்கியதை ஒப்புக்கொள்வதைவிடத் திருட்டில் பிடிபடுவதை விரும்புவது சிறுமை என்பது அவர் தீர்ப்பு. எவரால் தெளிவுபெற்றோமோ அவர் பெயரைச் சொல்வதே மானமுள்ள செயல் என்று கருதினார். அவ்வாசிரியர்களுள் பலருடைய நூல்கள் இன்று இல்லை. சிலர் பிளினியின் பட்டியலில் உள்ள பெயர்களாக மட்டும் உயிர்வாழ்கின்றனர்.

எகிப்தியப் பாப்பிரசு நாணலிலிருந்து எழுதுதாள் செய்யும் முறையை அவர் விளக்கும் இடம் எழுதுவோர் யாவரும் அறியத்தக்கது. தண்டைக் கீறி மெல்லிய பட்டைகளாக எடுத்து, ஓரடுக்கை நெடுக்காகவும் மற்றோரடுக்கைக் குறுக்காகவும் பரப்பி, அழுத்தி, வெயிலில் உலர்த்துவர். உயர்ந்த ரகம் பேரரசர் பெயரைப் பெற்றது. மட்ட ரகம் வணிகர் சரக்குப் பொதிய உதவியது. திபேரியஸ் காலத்தில் தாளுக்குப் பஞ்சம் வந்து, ஆட்சிமன்றம் நடுவர்களை அமர்த்திப் பங்கிட்டுத் தரவேண்டியதாயிற்று. மனிதரின் நினைவு நிலைப்பது இந்த நாணலை நம்பியே இருக்கிறது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

பிழைகளும் இந்நூலில் மலிந்துள்ளன. நாய்த்தலை மனிதரும், ஒற்றைக்கால் மனிதரும், வாயின்றி மணத்தை மட்டுமே உண்டு வாழ்பவரும் இதில் உலவுகின்றனர். மூலிகைகள்பற்றிய அவருடைய தவறுகளை 1492இல் இத்தாலிய மருத்துவர் நிக்கோலோ லியோனிசெனோ விரிவாகச் சுட்டிக்காட்டினார். எல்லா நூலிலும் பயன் உண்டு என்ற கொள்கை, எல்லாவற்றையும் உள்ளே விடும் வாயிலாகவும் ஆகிவிட்டது. ஆயினும் மூலத்தைச் சொல்லிவிட்டதால், எவர் பிழை எவரிடம் வந்தது என்று தேடவும் பிற்காலத்தார்க்கு அவரே வழி வைத்துப் போயிருக்கிறார்.

பேரரசின் அலுவலருக்கு உரிய பார்வைக் குறையும் அவரிடம் உண்டு. வடகடற்கரையில் கௌக்கி என்னும் மக்களை நேரில் கண்டு எழுதுகிறார். நாள்தோறும் இருமுறை ஏறி இறங்கும் கடலுக்கு நடுவே மண்மேடுகளில் குடிசை கட்டி வாழ்ந்தனர்; ஆடுமாடு இல்லை; நாணல் கயிற்றில் பின்னிய வலையால் மீன்பிடித்தனர்; சேற்றை எடுத்து உலர்த்தி எரித்து உணவு சமைத்தனர். கண்முன் நிற்கும் சித்திரம் அது. ஆனால் இப்படிப்பட்டவர்களும் உரோமையிடம் தோற்றால் அதை அடிமைத்தனம் என்கிறார்களே என்று அவர் வியந்துகொள்கிறார். அந்த மக்களின் மானத்தை அவரால் காண இயலவில்லை.

அதே கண்கள் ஸ்பெயினின் பொற்சுரங்கங்களைப் பார்த்தபோது வேறுவிதமாகக் கலங்கின. விளக்கொளியில் மலையைக் குடைந்து, மாதக்கணக்கில் பகலொளி காணாமல் மனிதர் உழைத்ததையும், குடையப்பட்ட மலை பேரொலியுடன் சரிந்ததையும், தொலைவிலிருந்து கால்வாய்களில் கொணர்ந்த நீரால் மண்ணை அலசிப் பொன் எடுத்ததையும் விரித்துரைக்கிறார். மேற்பரப்பில் வேண்டியதெல்லாம் தந்த தாயின் குடலைப் பேராசையால் கிழிக்கிறார்கள் என்பதே அவர் மனத்துயர்.

முசிறியும் மிளகும்

தமிழ் படித்தோர் இந்நூலில் தம் முன்னோரையும் காணலாம். ஆறாம் பகுதியில் எகிப்திலிருந்து இந்தியாவுக்கு வரும் கடல்வழியை விவரிக்கிறார். செங்கடல் முகத்துவாரத்து ஒக்கேலிசிலிருந்து பருவக்காற்றின் துணையால் 40 நாளில் முசிறியை அடையலாம். ஆனால் அருகே கடற்கொள்ளையர் உண்டு. கப்பல்கள் கரைக்குத் தொலைவில் நங்கூரமிட, சரக்கைப் படகுகளில் ஏற்றியிறக்க வேண்டியிருக்கும். ஆதலால் அது வசதியான துறை அன்று என்கிறார். அதைவிட நல்ல துறை பக்கரே என்கிறார். அது உள்நாட்டில் நெடுந்தொலைவில் மதுரையிலிருந்து ஆளும் பாண்டியனுக்கு உரியது. ஒற்றை மரத்தைக் குடைந்த ஓடங்களில் மிளகு அங்கே வந்து சேரும். இப்பெயர்கள் முந்தைய நூல் எதிலும் இல்லை என்றும் அவர் குறிக்கிறார்.

சங்கப் பாடல்கள் இதே துறையை மறுகரையிலிருந்து காண்கின்றன. யவனர் கலங்கள் பொன்னுக்கு மிளகு மாற்றிச் சென்ற செய்தி அகநானூற்று 149ஆம் பாடலில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனாரால் சொல்லப்படுகிறது. கலங்கள் கொணர்ந்த பொன் கழித்தோணிகளில் கரைசேர்ந்ததைப் புறநானூற்று 343ஆம் பாடலில் பரணர் காட்டுகிறார். உரோமை அலுவலருக்கு இடையூறாகப் பட்ட அந்தச் சிறு படகுகளே, தமிழ்ப்புலவருக்கு ஊரின் வளத்தைச் சுமந்துவரும் அழகுக் காட்சியாயின.

பிளினியின் கவலை பொன் வெளியேறுவதைப் பற்றியது. ஆண்டுதோறும் இந்தியா ஐந்து கோடி செஸ்டர்சுக்குக் குறையாமல் உறிஞ்சுகிறது என்றும், அங்கிருந்து வரும் பொருள் நூறு மடங்கு விலைக்கு விற்கிறது என்றும் குறைப்பட்டார். உரோமைச் சந்தையில் ஓர் இராத்தல் கருமிளகு 4 தினாரியம், வெண்மிளகு 7, திப்பிலி 15. இனிப்பும் அழகும் இல்லாமல் காரம் ஒன்றையே கொண்ட இப்பொருளை மக்கள் ஏன் இப்படி விரும்புகிறார்கள் என்று அவருக்கு வியப்பு. பிறந்த நாட்டில் காட்டுக்கொடியாக விளைவதைப் பொன்னையும் வெள்ளியையும் போல நிறுத்து வாங்குகிறார்களே என்று சலித்துக்கொண்டார். அந்தச் சலிப்புத்தான், சேரநாட்டு மிளகின் மதிப்புக்கு இன்று உறுதியான சான்றாகப் பயன்படுகிறது.

கடைசி நாள்

மனிதனைப் பற்றிய ஏழாம் பகுதியில், கற்பிக்காமலே மனிதனுக்கு வருவது அழுகை ஒன்றே என்று எழுதியவர் அவர். இறந்தபின் உயிருக்கு உணர்வு உண்டு என்பதை நம்பாதவர். தெய்வங்களைப் பற்றிய கதைகளையும் பெரிதும் நம்பவில்லை. ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்கு உதவுவதே தெய்வம் என்பது இரண்டாம் பகுதியில் அவர் கண்ட முடிவு. எரிமலைகளைப் பட்டியலிடும் அதே பகுதியில் வெசூவியஸ் மலையின் பெயர் இல்லை. அவருடைய நூலில் அது பொம்பெயி நகருக்கு அண்மையில் உள்ள மலை, நல்ல திராட்சை விளையும் மலை, அவ்வளவே.

கி.பி. 79இல் அம்மலை வெடித்தது. கையெழுத்துப் படிகளின்படி அந்நாள் ஆகஸ்டு 24. 2018இல் பொம்பெயியில் கிடைத்த ஒரு கரிக்கோட்டு எழுத்து, நிகழ்ச்சி அக்டோபரில் நடந்திருக்கலாம் என எண்ணச் செய்திருக்கிறது. டாசிட்டசுக்கு இளைய பிளினி எழுதிய கடிதம் அன்றைய நிகழ்ச்சிகளைச் சொல்கிறது.

மிசேனத்தில் பிற்பகல் ஒருமணி அளவில், வெயில் காய்ந்து, குளிர்நீராடி, உண்டு, படித்துக்கொண்டிருந்த பிளினியிடம் அவர் தங்கை வந்து, விந்தையான மேகம் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். நெடிய அடிமரமும் மேலே விரிந்த கிளைகளுமாக அது குடைபோன்ற ஊசியிலை மரத்தை ஒத்திருந்தது. பிளினி காலணியை எடுத்துவரச் சொல்லி, உயரமான இடத்தில் ஏறிப் பார்த்தார். அருகில் சென்று ஆராய விரும்பி, விரைவுப் படகு ஒன்றை ஆயத்தம் செய்யச் சொன்னார். உடன்வருகிறாயா என்று மருமகனைக் கேட்டார். பதினேழு வயது இளைஞர், மாமன் கொடுத்த எழுத்துவேலை இருப்பதாகச் சொல்லி வீட்டில் தங்கிவிட்டார். அந்த மறுப்பினால்தான் நடந்ததைச் சொல்ல ஒருவர் எஞ்சினார்.

வீட்டைவிட்டுப் புறப்படும் வேளையில் ரெக்டினா என்னும் பெண்மணியிடமிருந்து ஓலை வந்தது. அவர் மாளிகை மலையடிவாரத்தில் இருந்தது. கடல்வழியே தவிரத் தப்ப வழியில்லை. பிளினி உடனே திட்டத்தை மாற்றினார். விரைவுப் படகு நின்றது. நான்கு வரிசைத் துடுப்புகள் கொண்ட போர்க்கப்பல்கள் புறப்பட்டன. ரெக்டினா ஒருவரை மட்டுமன்றி, அந்தக் கரை நெடுக இருந்தோர் பலரையும் மீட்பது நோக்கம். அறிவதற்காகக் கிளம்பியவர் காப்பதற்காகச் சென்றார். எல்லோரும் தப்பியோடிய திசையை நோக்கி அவர் கப்பல் நேராகச் சென்றது. அப்போதும் மேகத்தின் ஒவ்வொரு மாற்றத்தையும் சொல்லிச்சொல்லி எழுதவைத்துக்கொண்டிருந்தார்.

சூடான சாம்பலும் நுரைக்கல்லும் கப்பல்மேல் விழுந்தன. மலையிலிருந்து சரிந்தவை கரையை அடைத்திருந்தன. திரும்பிவிடலாம் என்றார் மாலுமி. பிளினி ஒருகணம் தயங்கி, துணிந்தவர்க்கே ஊழ் துணை என்று தேறி, ஸ்டாபியே ஊரில் இருந்த நண்பர் பொம்போனியானசிடம் செலுத்தச் சொன்னார். அங்கே நடுங்கிக்கொண்டிருந்த நண்பரைத் தழுவித் தேற்றினார். அவர் அச்சத்தைக் குறைப்பதற்காகவே நீராடி, மலர்ந்த முகத்தோடு உணவருந்தினார். மலையில் தெரிந்த தீயைக் கண்டு அஞ்சியவர்களிடம், அவை உழவர் விட்டோடிய வீடுகள் எரிவது என்றார். பிறகு படுத்து உண்மையாகவே உறங்கினார். அவருடைய குறட்டை வெளியே கேட்டது.

முற்றத்தில் சாம்பலும் கல்லும் உயர்ந்து, இன்னும் தாமதித்தால் கதவைத் திறக்க இயலாது என்ற நிலையில் அவரை எழுப்பினர். தலையணைகளைத் தலைமேல் கட்டிக்கொண்டு எல்லோரும் கடற்கரைக்கு நடந்தனர். வேறெங்கும் விடிந்துவிட்டது, அங்கே எந்த இரவிலும் இல்லாத இருள். கடல் கொந்தளித்தது. விரித்த துணியில் பிளினி படுத்து, இருமுறை தண்ணீர் கேட்டுப் பருகினார். தீயும் கந்தக நெடியும் நெருங்க, மற்றவர்கள் ஓடினர். அவர் இரு பணியாளர் தோளில் ஊன்றி எழுந்தார்; அப்படியே சாய்ந்தார். இயல்பிலேயே இளைத்திருந்த மூச்சுக்குழலைப் புகை அடைத்தது. பகலொளி திரும்பியபின், காயமின்றி, உடுத்த உடையோடு, உறங்குபவர் போலவே உடல் கிடைத்தது. வயது 55.

கப்பலில் சொல்லி எழுதவைத்த குறிப்புகள் கிடைக்கவில்லை. ஆனால் மருமகனின் கடிதம் அந்த வெடிப்பை அவ்வளவு துல்லியமாகத் தீட்டியதால், அத்தகைய வெடிப்புகளை எரிமலை ஆய்வாளர் இன்றளவும் பிளினிய வெடிப்பு என்றே குறிக்கின்றனர். 'இயற்கை வரலாறு' கைப்பிரதிகளாகப் பல நூற்றாண்டுகள் பெருகி, 1469இல் வெனிஸ் நகரில் அச்சேறியது.

அந்நூலின் முடிவில், அனைத்துக்கும் தாயான இயற்கையை வணங்கி, அவளுடைய எல்லாக் கூறுகளையும் போற்றிய ஒரே உரோமையன் என்ற உரிமையோடு அவளருளை வேண்டுகிறார் பிளினி. அதுவரை நூலாசிரியர் ஒவ்வொருவரின் கடனையும் பெயர் சொல்லித் தீர்த்தவர், இயற்கைக்குப் பட்ட கடனை அங்கே ஒப்புக்கொள்கிறார். மனிதருக்குப் பட்டதை, ஈராண்டு கழித்து அந்தக் கடற்கரையில் செலுத்தினார்.